யார் படிக்கலாம், யார் எழுதலாம்: கட்டளை வரியில் கோப்பு அனுமதிகள்

நவம்பர் முதல் பாதியில் குத்தாலம் கடைவீதியின் கணினி மையங்களில் கூட்டம் தாங்காது. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. தேரழந்தூர், கோமல், திருமணஞ்சேரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களின் பையில் சிட்டா இருக்கும், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல் இருக்கும், ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் இருக்கும். நான்கையும் ஸ்கேன் செய்து, பதிவு போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். காகிதங்கள் அவர்களோடு ஊருக்குப் போய்விடும். அவற்றின் நகல்கள் மையத்துக் கணினியிலேயே தங்கிவிடும். தை அறுப்பு முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகிறபோது அதே நகல்கள் மறுபடி தேவைப்படும் என்பதால் யாரும் அழிப்பதும் இல்லை.

ஒரு விவசாயியின் நிலம், அடையாளம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. அதே கணினியில் மாலை ஆறு மணிக்குத் தட்டச்சு பழக மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கோப்புறை அவர்களுக்குத் திறக்கக் கூடாது. இதைப் பூட்டு சாவி இல்லாமல், புது மென்பொருள் எதுவும் வாங்காமல், நான்கைந்து கட்டளைகளால் செய்து முடிக்கலாம்.

பாடம் முழுவதற்கும் ஒரு மையத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். லினக்ஸ் போட்ட ஒரு கணினி. அதில் நான்கு லாகின்கள்: முதலாளி, காலை, மாலை, பயிற்சி. காலை ஷிஃப்டில் ஒருவரும் மாலை ஷிஃப்டில் ஒருவரும் வேலை பார்க்கிறார்கள். பயிற்சி என்ற லாகின் மாணவர்களுக்கு. லினக்ஸ் உங்களிடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2011 இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. பரணில் அப்படி ஒன்று கிடந்து, இன்னும் உயிரோடு இருந்தால், இந்த அத்தியாயத்துக்கு அதுவே போதும்.

கட்டளைகளை வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல நீங்கள் தட்டுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன். லாகின் பெயரையும் குழுப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கோப்புக்கும் கோப்புறைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும்.

பத்து இடங்களைப் படிப்பது

மாற்றுவதற்கு முன்னால் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து எல்எஸ் -எல் என்று தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். அதில் ஒன்று இப்படி இருக்கலாம்:

- ஆர் டபிள்யூ - ஆர் - - ஆர் - - 1 காலை காலை 418302 நவ 9 11:40 அடங்கல்-தேரழந்தூர்.பிடிஎஃப்

முதல் எழுத்து அது என்ன வகை என்பதைச் சொல்கிறது. கோடு என்றால் சாதாரணக் கோப்பு, டி என்றால் கோப்புறை, எல் என்றால் வேறொன்றைச் சுட்டும் இணைப்பு. மீதி ஒன்பதை மும்மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லோருக்கும். ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். கோடு விழுந்த இடத்தில் அந்த அனுமதி இல்லை. தேதிக்கு முன்னால் இரண்டு பெயர்கள் தெரிகின்றன: முதலாவது உரிமையாளர், இரண்டாவது குழு.

மேலே உள்ள வரியைப் படித்துப் பாருங்கள். காலை ஷிஃப்ட்காரர் படிக்கலாம், எழுதலாம். அவருடைய குழுவினர் படிக்கலாம். கடைசி மூன்றிலும் ஆர் இருக்கிறது. அதாவது கணினியில் யார் லாகின் செய்தாலும் அந்த அடங்கலைப் படிக்கலாம், தட்டச்சு பழக வந்த பிள்ளை உட்பட. இதை யாரும் வேண்டுமென்று இப்படி வைக்கவில்லை. பல லினக்ஸ் அமைப்புகள் புதுக் கோப்பை இப்படித்தான் பிறப்பிக்கின்றன.

கணினி இந்த மூன்று தொகுதிகளையும் எந்த வரிசையில் பார்க்கிறது என்பது முக்கியம். திறக்க வந்தவர் உரிமையாளரா? ஆம் என்றால் முதல் மூன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லும். இல்லை என்றால், குழுவில் இருக்கிறாரா? ஆம் என்றால் நடு மூன்றோடு முடிந்தது. இரண்டும் இல்லாதவருக்கே கடைசி மூன்று. மூன்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதனால் உரிமையாளரின் இடத்தில் மூன்றும் கோடாக இருந்து மற்றவர்கள் இடத்தில் ஆர் இருந்தால், ஊரே படிக்கலாம், கோப்பின் சொந்தக்காரர் படிக்க முடியாது. தன் கோப்பு என்பதால் அனுமதியை அவரே மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

எண்ணால் மாற்றுவது

மாற்றும் கட்டளை சிஎச்மோட். எழுத்துகள்: சி, எச், எம், ஓ, டி. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் எழுதிய யூனிக்ஸின் முதல் கையேட்டில், 1971 நவம்பர் 3 தேதியிட்டதில், இந்தக் கட்டளை இருக்கிறது. அப்போது உரிமையாளர், மற்றவர் என்று இரண்டே பிரிவு. குழு என்ற நடுப்பிரிவு பின்னால் சேர்ந்தது. அது சேர்ந்ததால்தான் நம் மையத்தைப் போன்ற இடங்களுக்கு இது உதவுகிறது.

படிக்க 4, எழுத 2, இயக்க 1. வேண்டியதைக் கூட்டினால் ஒரு இலக்கம். படிக்கவும் எழுதவும் 6, படிக்கவும் இயக்கவும் 5, மூன்றுக்கும் 7, ஒன்றும் வேண்டாம் என்றால் 0. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசையில் மூன்று இலக்கங்கள். ஆக,

சிஎச்மோட் 640 அடங்கல்-தேரழந்தூர்.பிடிஎஃப்

என்று தட்டினால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றும் இல்லை. எண்ணை உடனே கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஸ்டாட் -சி '%ஏ %என்' என்று தட்டிக் கோப்பின் பெயரையும் கொடுங்கள். எண்ணும் பெயரும் மட்டும் வரும்.

அன்றாடத்துக்கு வேண்டிய எண்கள் குறைவு. தனிப்பட்ட கோப்புக்கு 600. குழு படிக்க 640, குழு திருத்த 660. இணையதளத்தில் ஏற்றுகிற பக்கத்துக்கு 644, அது உட்காரும் கோப்புறைக்கு 755. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் ரகசியச் சாவிக்கு 600 வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்க மறுத்துவிடும், அது சரியான மறுப்பு.

அனுமதியை மாற்றும் அதிகாரம் கோப்பின் உரிமையாளருக்கும் ரூட் என்ற நிர்வாகிக்கும் மட்டுமே உண்டு. குழுவில் இருப்பவர் கோப்பைத் திருத்தலாம், ஆனால் சிஎச்மோட் போட முடியாது. கோப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றும் சிஎச்ஓன் கட்டளைக்கு நிர்வாகி அதிகாரமே வேண்டும். முன்னால் சூடோ சேர்த்துத் தட்டுவீர்கள்.

கோப்புறையில் பொருள் வேறு

பலர் தடுக்கி விழுகிற இடம் இது. அதே மூன்று எழுத்துகள் கோப்புறையின் மேல் வந்தால் அர்த்தம் மாறுகிறது.

கோப்புறையில் ஆர் இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பட்டியல் பார்க்கலாம். எக்ஸ் இருந்தால் அதைக் கடந்து உள்ளே போகலாம். எக்ஸ் இல்லாமல் ஆர் மட்டும் இருந்தால் பெயர்கள் தெரியும், எதையும் திறக்க முடியாது. ஆர் இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால் பட்டியல் தெரியாது, ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறக்கலாம். டபிள்யூவும் எக்ஸும் சேர்ந்திருந்தால் புதிய கோப்பு உண்டாக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம்.

அழிப்பதைக் கவனியுங்கள். ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அந்தக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் கோப்புறையின் அனுமதி தீர்மானிக்கிறது. அடங்கலுக்கு 400 போட்டு, யாரும் எழுத முடியாது, பத்திரம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். கோப்புறையில் எல்லோருக்கும் டபிள்யூ இருந்தால், அந்தக் கோப்பை ஒரு வரி படிக்க முடியாதவர்கூட அதை அழித்துவிடலாம். அழித்துவிட்டு அதே பெயரில் வேறு கோப்பை வைத்துவிடவும் முடியும். சர்வே எண் மாறிய ஓர் அடங்கல் அப்படி உள்ளே வந்து உட்கார்ந்தால், காப்பீட்டுத் தொகை நிற்கும்போதுதான் தெரியவரும். ஆகவே கோப்புக்கு முன்னால் கோப்புறையைச் சரிசெய்யுங்கள்.

777 வேண்டாம்

'பெர்மிஷன் டினைட்' என்று திரையில் வந்ததும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்டு வாங்கும் யோசனை 777. எல்லோருக்கும் எல்லா அனுமதியும். வேலை உடனே நடந்துவிடும். ஏன் மறுத்தது என்பது தெரியாமலே போய்விடும். அந்தக் கணினியில் இயங்கும் ஒவ்வொரு லாகினும், ஒவ்வொரு நிரலும், இணையதளம் வைத்திருந்தால் அதை நடத்தும் சர்வரும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அதோடு பெரிய ஆர் சேர்த்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் என்று ஓடவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. எந்தக் கோப்புக்கு முன்பு எந்த எண் இருந்தது என்பதைக் கணினி எங்கும் குறித்து வைப்பதில்லை. அமைப்பின் வேர்க் கோப்புறையில் இதைச் செய்தால் சூடோவும் எஸ்எஸ்எச்சும் பாதுகாப்பு இல்லை என்று வேலை செய்ய மறுக்கும். பெரும்பாலும் அமைப்பையே மறுபடி நிறுவ வேண்டியதாகிவிடும்.

மறுப்பு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வேலை யாருக்கு நடக்க வேண்டும்? காலைக்கும் மாலைக்குமா, முதலாளிக்கு மட்டுமா? பதில் ஒரு குழுவாக அமையும். பெரும்பாலான நேரம் சிக்கல் அனுமதி எண்ணில் இருக்காது, குழு சரியாக இல்லாததில் இருக்கும்.

மையத்துக்கு ஒரு பொதுக் கோப்புறை

நம் மையத்துக்கு வருவோம். முதலில் அலுவல் என்று ஒரு குழு:

சூடோ குரூப்ஆட் அலுவல்

அதில் முதலாளி, காலை, மாலை மூவரையும் ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும்:

சூடோ யூசர்மாட் -ஏஜி அலுவல் காலை

இதில் ஏ சிறியது, ஜி பெரியது. ஏ என்ற எழுத்தை விட்டுவிட்டால் அவர் இதுவரை இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்பட்டு அலுவலில் மட்டும் இருப்பார். சூடோ போடும் உரிமையும் ஒரு குழுவால் வருவதே. அது போனால் கணினியை நிர்வகிக்க ஆளில்லாமல் போகும். சேர்த்த பிறகு அவர் ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும். குழு விவரம் லாகின் ஆகும்போதே படிக்கப்படுகிறது. ஐடி என்று தட்டினால் தான் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடம். சேவைத் தரவுகளுக்கென்றே லினக்ஸில் எஸ்ஆர்வி என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள் ஆவணம் என்று ஒன்றை உண்டாக்கி, குழுவின் பெயருக்கு மாற்றி, அனுமதி கொடுப்போம்:

சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/ஆவணம்
சூடோ சிஎச்ஜிஆர்பி அலுவல் /எஸ்ஆர்வி/ஆவணம்
சூடோ சிஎச்மோட் 2770 /எஸ்ஆர்வி/ஆவணம்

770 புரிகிறது: உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் 2 தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கோப்புறைக்கு இந்த 2 இருந்தால், உள்ளே யார் புதுக் கோப்பு உண்டாக்கினாலும் அது அவருடைய சொந்தக் குழுவின் பெயரில் பிறக்காமல் அலுவல் குழுவின் பெயரில் பிறக்கும். உள்ளே உண்டாக்கும் கோப்புறைகளுக்கும் அந்த 2 தானாக வந்துவிடும். இதை விட்டுவிட்டால் காலை ஷிஃப்டில் ஸ்கேன் செய்தது காலையின் குழுவிலும் மாலை செய்தது மாலையின் குழுவிலுமாகக் கிடந்து, தினமும் யாராவது ஒருவர் முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். எல்எஸ் -எல்டி போட்டுப் பார்த்தால் குழுவின் எக்ஸ் இருந்த இடத்தில் எஸ் என்று தெரியும். பின்னால் இந்த 2 ஐ எடுக்க வேண்டுமானால் வெறும் 770 போட்டால் போகாது. லினக்ஸின் சிஎச்மோட் கோப்புறைகளில் அதைக் காப்பாற்றி வைக்கும். ஜி-எஸ் என்று எழுத்தால் சொல்ல வேண்டும்.

பிறக்கும்போதே சரியான அனுமதி

குழு சரியாகிவிட்டது. அனுமதி? காலை ஷிஃப்டில் உருவான கோப்பு 644 ஆகப் பிறந்தால் மாலை ஷிஃப்ட்காரர் படிக்கலாம், திருத்த முடியாது. இதைத் தீர்மானிப்பது யூமாஸ்க்.

சாதாரணமாக நிரல்கள் புதுக் கோப்புக்கு 666 ம் புதுக் கோப்புறைக்கு 777 ம் கேட்கும். யூமாஸ்க் எண்ணில் உள்ள அனுமதிகளைக் கணினி அதிலிருந்து உருவிவிட்டு மீதியைக் கொடுக்கும். 022 என்றால் கோப்பு 644, கோப்புறை 755. 027 என்றால் 640, 750. 077 என்றால் 600, 700. நம் மையத்துக்கு 007 பொருத்தம்: கோப்பு 660, கோப்புறை 770. மற்றவருக்கு ஒன்றும் போகாது, குழுவுக்குள் தடையும் இல்லை. காலை, மாலை இருவரின் வீட்டுக் கோப்புறையிலும் புள்ளியோடு தொடங்கும் .ப்ரொஃபைல் என்ற கோப்பின் கடைசியில் யூமாஸ்க் 007 என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

போதுமா என்று சோதித்தும் பாருங்கள். டெர்மினலில் யூமாஸ்க் என்று மட்டும் தட்டினால் நடப்பு எண் தெரியும். ஆனால் சில வரைகலைச் சூழல்கள் .ப்ரொஃபைலைப் படிக்காமலே நிரல்களைத் தொடங்கும். ஸ்கேனர் நிரலில் ஒரு பக்கம் சேமித்து, அதை எல்எஸ் -எல் கொண்டு பார்த்துவிடுங்கள். வேலை நடப்பது அங்கேதான், டெர்மினலில் இல்லை.

இன்னொன்று. கோப்பை எம்வி கட்டளையால் நகர்த்தினால் அது தன் பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் வந்து சேரும். புதுக் கோப்புறையின் 2 அதைத் தொடாது. சிபி போட்டு நகலெடுத்தால் புதிதாகப் பிறப்பதால் குழு சரியாக அமையும். 'எல்லாம் சரி, சில கோப்பு மட்டும் திறக்கவில்லை' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எம்வி இருக்கும்.

எழுத்தால் மாற்றுவது

எண் முழு நிலையையும் ஒரே அடியில் எழுதிவிடும். இருப்பதில் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ எழுத்து முறை வசதி. யூ என்றால் உரிமையாளர், ஜி குழு, ஓ மற்றவர், ஏ எல்லோரும். கூட்டல் குறி கொடுக்கும், கழித்தல் குறி எடுக்கும், சமக் குறி சொன்னதை மட்டும் வைத்து மீதியை நீக்கும். சிஎச்மோட் ஓ= என்று எழுதி இடைவெளி விட்டுக் கோப்புப் பெயர் கொடுத்தால் மற்றவரின் அனுமதி அனைத்தும் போகும். இதில் யூவை உரிமையாளர் என்றும் ஓவை மற்றவர் என்றும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மாற்றி எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குறுவை, சம்பா, தாளடிக் கோப்புறைகளை மொத்தமாகச் சரிசெய்ய வேண்டுமா?

சூடோ சிஎச்மோட் -ஆர் யூ=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜி=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஓ= /எஸ்ஆர்வி/ஆவணம்

இங்கே கோட்டுக்குப் பின் வரும் ஆர் பெரியது, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் என்று பொருள். இரண்டு எக்ஸும் பெரியவை. பெரிய எக்ஸ், கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ளவற்றுக்கும் மட்டும் எக்ஸ் கொடுக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்களைத் தொடாது. சிறிய எக்ஸ் போட்டால் ஒவ்வொரு அடங்கலும் இயக்கத்தக்க நிரல் போல ஆகிவிடும். கோப்புறைகளுக்கு மட்டும் 2770 கொடுக்க ஃபைண்ட் உதவும்:

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/ஆவணம் -டைப் டி -எக்ஸெக் சிஎச்மோட் 2770 {} +

குழுப் பெயரையும் அப்படியே சிஎச்ஜிஆர்பி -ஆர் (பெரிய ஆர்) கொண்டு மாற்றிவிடுங்கள். பெரிய ஆர் போடும் எந்தக் கட்டளைக்கும் முன்னால் முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் சாய்கோட்டுக்குப் பிறகு தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் கட்டளை முழு அமைப்பின் மேலும் ஓடும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால்

கோப்பில் ஆர் இருக்கிறது, குழுவில் இருக்கிறார், ஆனாலும் மறுக்கிறது. வழியைப் பாருங்கள். தஞ்சை மண்ணின் பழைய கட்டு வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் தாண்டினால்தான் இரண்டாம் கட்டுக்குப் போகலாம். இடையில் ஒரு கதவு சாத்தியிருந்தாலும் உள்ளறை திறந்திருந்து பயனில்லை. கோப்பின் முகவரியில் வரும் ஒவ்வொரு கோப்புறையிலும் எக்ஸ் வேண்டும். இதை ஒரே பார்வையில் காட்டும் கட்டளை நேம்ஐ: என், ஏ, எம், இ, ஐ. நேம்ஐ -எல் என்று தட்டி முழு முகவரியைக் கொடுத்தால் வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியும் உரிமையாளரும் குழுவும் வரிசையாக வரும். எந்தப் படியில் எக்ஸ் இல்லையோ அங்கே நிற்கிறது. உபுண்டு 21.04 முதல் வீட்டுக் கோப்புறை 750 ஆகவே உண்டாகிறது, முன்பு 755. 'பழைய கணினியில் என் வீட்டுக் கோப்புறையிலிருந்து மற்றவர் எடுக்க முடிந்தது, புதிதில் முடியவில்லை' என்பதற்கு அதுவே காரணம். மாற்றம் நல்ல மாற்றம். கோப்பைப் பொதுக் கோப்புறைக்குக் கொண்டுபோங்கள்.

பென் டிரைவ் தனிக் கதை. அதில் பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் முறை இருக்கும். அவற்றில் யூனிக்ஸ் அனுமதிகளை எழுதி வைக்க இடமே இல்லை. சிஎச்மோட் போட்டாலும் நிலைக்காது. ஆகவே 640 போட்டுப் பாதுகாத்த ஆதார் நகல் பென் டிரைவுக்குப் போன நொடியிலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. காப்புநகல் எடுப்பதானால் லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்த வட்டில், சிபி -ஏ கொண்டு எடுங்கள். அனுமதியும் தேதியும் அப்படியே வரும். உரிமையாளர் பெயரும் அப்படியே இருக்க வேண்டுமானால் சூடோ சேர்த்து எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சிறப்பு அனுமதிகள்

முன்னால் 1 வந்தால், அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி உள்ள யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கலாம், ஆனால் கோப்பின் உரிமையாளரும் கோப்புறையின் உரிமையாளரும் நிர்வாகியும் தவிர வேறு யாரும் அதை அழிக்க முடியாது. /டிஎம்பி கோப்புறை 1777 ஆக இருப்பது இதனால்தான். மாணவர்கள் பயிற்சிக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் பொது இடத்துக்கு, ஆளுக்கொரு லாகின் கொடுத்திருந்தால், இது பொருத்தம்.

முன்னால் 4 வந்தால், அந்த நிரலை யார் இயக்கினாலும் அது உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல் மாற்றும் நிரல் அப்படி. கடவுச்சொல்லின் மறைவடிவம் இருக்கும் கோப்பைச் சாதாரண ஆள் படிக்கக்கூட முடியாது, ஆனாலும் தன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முடிகிறது. ரிட்சியின் இந்த யோசனைக்கு 1979 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுவுக்கு விடப்பட்டது. நீங்கள் எழுதும் எதற்கும் இந்த 4 ஐக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும்

மார்ச்சில் கணக்குத் தணிக்கையாளர் வருகிறார். ரசீதுகள் உள்ள ஒரு கோப்பை அவர் படிக்க வேண்டும், வேறெதுவும் கூடாது. அலுவல் குழுவில் சேர்த்தால் விவசாயிகளின் காகிதமெல்லாம் அவருக்குத் திறந்துவிடும். இதற்குத்தான் ஏசிஎல் என்ற கூடுதல் பட்டியல். அவருக்குத் தணிக்கை என்று ஒரு லாகின் கொடுத்து,

சூடோ செட்ஃபேக்ல் -எம் யூ:தணிக்கை:ஆர் ரசீது.ஓடிஎஸ்

என்று தட்டுங்கள். எழுத்துகள்: எஸ், இ, டி, எஃப், ஏ, சி, எல். கோப்பு ஆவணம் கோப்புறைக்குள் இருந்தால் அந்தக் கோப்புறையிலும் அவருக்கு எக்ஸ் மட்டும் இதே முறையில் கொடுக்க வேண்டும். எல்எஸ் -எல் வரியில் அனுமதிகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று பொருள்; கெட்ஃபேக்ல் அதை விரித்துக் காட்டும். ஏசிஎல் போட்ட கோப்பில் பிறகு சிஎச்மோட் 600 போட்டால் தணிக்கையாளரின் அனுமதியும் செல்லாமல் போகும், ஏனென்றால் நடு இலக்கம் அந்தப் பட்டியலுக்கே உச்சவரம்பாக மாறிவிட்டிருக்கும். வேலை முடிந்ததும் எம் க்குப் பதில் எக்ஸ் போட்டு, ஆர் ஐ விட்டுவிட்டு, பெயரை மட்டும் கொடுத்தால் அவர் பட்டியலிலிருந்து நீங்குவார்.

அனுமதிகள் தடுக்காதவை

ரூட்டை இவை தடுக்காது. சூடோ உரிமை உள்ளவர் எதையும் படிக்கலாம், ஆகவே அந்த உரிமை முதலாளிக்கு மட்டும் இருக்கட்டும். கணினியைக் கழற்றி வட்டை எடுத்துப்போய் வேறொன்றில் மாட்டினால் அங்கே நிர்வாகி வேறு ஆள். அதற்கு வட்டையே மறைகுறியாக்கம் செய்ய வேண்டும். மாணவர்கள் காலையின் லாகின் திறந்து கிடக்கும்போது உட்கார்ந்தாலும் எல்லாம் வீண். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பி ஆதாரைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மாதம் ஒருமுறை இதை ஓட்டுங்கள்:

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/ஆவணம் -பெர்ம் /007

மற்றவருக்கு ஏதாவது ஓர் அனுமதி திறந்திருக்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும். ஒன்றும் வராவிட்டால் சரி. இணைப்புகள் எப்போதும் 777 என்றே தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

ஷிஃப்ட் பார்த்தவர் வேலையை விட்டுப் போனால் அன்றே சூடோ ஜிபாஸ்டபிள்யூடி -டி மாலை அலுவல் என்று தட்டிக் குழுவிலிருந்து எடுங்கள். அவர் அப்போது லாகினில் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். பழைய உரிமை லாக்அவுட் ஆகும்வரை நீடிக்கும். லாகினை உடனே அழித்துவிடாதீர்கள். கணினி உரிமையாளரைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, ஓர் எண்ணால் வைக்கிறது. லாகினை அழித்தால் அவர் ஸ்கேன் செய்த கோப்புகள் அந்த எண்ணின் பெயரிலேயே கிடக்கும். அடுத்து சேரும் ஆளுக்கோ புதிதாக உண்டாக்கும் பயிற்சி லாகினுக்கோ அதே எண் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் அந்த ஆவணங்களெல்லாம் அவருடையவை என்றாகிவிடும். எனவே முதலில்,

சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/ஆவணம் -யூசர் மாலை -எக்ஸெக் சிஎச்ஓன் முதலாளி {} +

என்று உரிமையை மாற்றி, பிறகு சூடோ ஃபைண்ட் /எஸ்ஆர்வி/ஆவணம் -யூசர் மாலை என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ஒரு வரியும் வராவிட்டால் லாகினை அழிக்கலாம்.